முத்தாயி ஏறிப் பார்த்த கப்பல்

முத்தாயியிடம் செய்தி சொல்ல வந்தவருக்கு முதலில் தும்மல்தான் வந்தது.

1958ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த மசாலா மில்லின் பின்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மூக்கை மறைத்துத் துணி கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கால்சட்டையும் கழுத்துப் பட்டியும் கையில் குடையுமாக ஒரு கிராணியார், ஏதோ அலுவலகத்தின் குமாஸ்தா, வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

“இஞ்சை முத்தாயி எண்டு...” என்று தொடங்கியவரை நெடி பிடித்துக்கொண்டது. அடுக்கடுக்காகத் தும்மினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் தும்மினார். பெண்கள் துணிக்குள்ளேயே சிரித்தார்கள். முத்தாயியும்தான் சிரித்தாள்.

“நான்தாங்கய்யா முத்தாயி. வெளிய வாங்க, இங்க நின்னா பேச முடியாது” என்று எழுந்து வந்தாள்.

வெளியே வந்ததும் அவர் தும்மலை நிறுத்திக்கொண்டு, தன் பெயர் ஜெயரத்தினம் என்றும், கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். பிறகு குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“தந்தி வந்திருக்கு பிள்ளை. உங்கட மனுசன் மருதப்பன்... ஏடன் தாண்டி மூண்டாம் நாள் நெஞ்சு வலி வந்திருக்கு. காலமாகிட்டார். கடல்லையே அடக்கம் செய்துபோட்டினம்.”

முத்தாயிக்கு அழுகை வந்தது. ஆனால் இரண்டு கைகளிலும் மிளகாய்க் காரம். அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது என்பது ஆறு வருடப் பழக்கம். கைகளைப் பிச்சை கேட்பவள்போல முன்னால் நீட்டிப் பிடித்தபடியே நின்று அழுதாள். கண்ணீர் மூக்குத்துணியை நனைத்தது. துடைத்துவிட ஜெயரத்தினத்துக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளேயிருந்து ஒருத்தி ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனாள்.

மருதப்பன் கப்பலில் துணி வெளுக்கிறவன். யுத்தத்துக்கு முன்னால் கட்டிய பழைய பயணிகள் கப்பல் அது. லண்டனிலிருந்து கிளம்பிச் சூயஸ், ஏடன், கொழும்பு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்து, அதே வழியில் திரும்பிப் போகும். அதன் ஆங்கிலப் பெயர் முத்தாயிக்கு வாயில் நுழையாது. மஞ்சக்குழாக் கப்பல் என்பாள். புகைபோக்கிக்கு மஞ்சள் சாயம் அடித்திருப்பார்கள்.

முத்தாயிக்குக் கப்பல் புதிதல்ல. தஞ்சோங் பகாரில் துறைமுகக் கூலிகளின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள் அவள். அப்பா மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. சிறு வயதில் தினமும் கப்பல்களின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறாள். துருவும் கறுப்புச் சாயமுமாகச் சுவர்போல நிற்கும். மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கிருந்து சில சமயம் ஆரஞ்சுத் தோல் விழும்.

1948இல் மருதப்பனைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவன் ஒரு சலவைக்கடையில் இருந்தான். மறு வருடமே கப்பலில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவர்களுடைய குடித்தனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். கப்பல் சரக்கு இறக்கி ஏற்றும் அந்த இரண்டு நாளும் அவன் கர்பாவ் ரோட்டில் அரிசிக்கடைக்கு மேலே இருந்த அவர்களுடைய அறைக்கு வந்துவிடுவான். சவுக்கார வாசனையோடு வருவான். எந்நேரமும் ஈரத்தில் இருந்த விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் கை சும்மா இராமல் வீட்டுத் துணியையெல்லாம் எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவான். அவள் சேலை, மகள் கமலாவின் பள்ளிச் சட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் ஓரத்தை உள்பக்கமாக விரலளவு திருப்பி, அதன்மேல் மூன்று மடிப்பு வைப்பான். அவன் மடித்து வைத்துவிட்டுப் போனதைக் கலைக்க மனமில்லாமல் முத்தாயி பல வாரம் வேறு சேலையையே கட்டிக்கொண்டிருப்பாள்.

கமலா அப்பாவை ஒரு விருந்தாளி மாதிரிதான் அறிந்திருந்தாள். வந்ததும் முதல் கேள்வி, “இந்தத் தடவ எத்தன நாள்ப்பா?” என்பதுதான். இரண்டு என்று தெரிந்தும் கேட்பாள்.

அந்த வருடம் ஏப்ரலில் வந்தபோது சண்டை வந்தது. முத்தாயி யார் யாரையோ பிடித்து, ஒரு ஆஸ்பத்திரி சலவையறையில் அவனுக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். மருதப்பன் தலையைச் சொறிந்தான். இன்னும் ஒரு ஒப்பந்தம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றான். இதே பேச்சை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த நினைத்தோ என்னவோ, சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினான். கப்பலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அனுமதிச் சீட்டு.

“நீயும் புள்ளையும் நாளைக்கு வந்து பாருங்க. ஒம்பது வருசமா சொல்றேன். மேல ஏறிப் பாத்தீன்னா அரமணை மாதிரி இருக்கும்.”

“ஒங்க கப்பல நான் எதுக்குப் பாக்கணும்? சக்களத்தி வீட்ட யாராச்சும் போயிச் சுத்திப் பாப்பாங்களா?” என்றாள் முத்தாயி. சீட்டை வாங்கவில்லை.

மறுநாள் அவன் புறப்படும்போது அவள் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். “போயிட்டு வரேன்” என்றான். அவள் திரும்பவில்லை. படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. நடுப்படியில் கொஞ்சம் நின்றது, பிறகு கேட்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவனுக்கு எழுதத் தெரியாது, யாரிடமோ சொல்லி எழுதியிருந்தான். நலம், பிள்ளையைப் பார்த்துக்கொள், மழையில் நனையாதே. அவ்வளவுதான்.

ஆகவே தந்திச் செய்தி வந்த பிறகு முத்தாயிக்கு அதை முழுதாக நம்ப முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குப் பதில் முகம் காட்ட அவன் வந்துதானே ஆக வேண்டும் என்று ஏதோ ஒரு கணக்கு அவளுக்குள் இருந்தது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சடங்கைப் பற்றிப் பேச வந்தால், “உடம்ப யாரு பாத்தா? கப்பல் வரட்டும். போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்பாள். கமலாவிடமும் சொல்லவில்லை. அந்த ஏழு வயதுப் பெண் நாள்காட்டியில் கப்பல் வரும் சனிக்கிழமையைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள்.

அடுத்த அறையில் இருந்த கதீஜாதான் துணிந்து கேட்டாள். “புள்ளகிட்ட சொல்லிடு லா முத்தாயி. அது தெனமும் என்கிட்ட வந்து அப்பாவுக்கு என்ன சமைக்கலாம்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்றது?”

“சனிக்கிழம வரைக்கும் பொறு அக்கா.”

அடுத்த வார வியாழக்கிழமை முத்தாயி ஜெயரத்தினத்தின் அலுவலகத்துக்குப் போனாள். கணவனுடைய பெட்டியை அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், வந்து கையெழுத்து வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தார். முத்தாயி அவர் மேசை முன்னால் நின்றாள்.

“பெட்டிய இங்க குடுக்காதீங்கய்யா. நான் கப்பலுக்கே வந்து வாங்கிக்கிறேன். அவரு இருந்த எடத்தப் பாக்கணும்.”

“அப்பிடி ஒருத்தரையும் உள்ளுக்கு விட்டதில்லை பிள்ளை. அங்கை கீழுக்கு வேலைக்காரர் இருக்கிற இடம்.”

“வேலக்காரங்க எடத்துலதான அவரு இருந்தாரு?”

ஜெயரத்தினம் பேனாவை மூடி வைத்தார். இருபத்திரண்டு வருடமாகக் கப்பல் தாள்களை நிரப்பியவர். பெயர், வயது, ஊர், ஏறிய துறை, இறங்கிய துறை. இறந்தவனின் மனைவி ஒருத்தி கப்பலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு எந்தத் தாளிலும் இடமில்லை. ஆனாலும் மேலதிகாரியிடம் போய்ப் பேசினார். திரும்பி வந்து, “சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஹார்பர் போர்டு வாசலுக்கு வாங்கோ. நானும் வாறன்” என்றார்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. முத்தாயி கமலாவைக் கதீஜாவிடம் விட்டுவிட்டு, பச்சைக்கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். துறைமுக வாசலில் ஜெயரத்தினம் கோட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டு நின்றார். கப்பல் அன்று காலையில்தான் வந்து கட்டியிருந்தது. வெள்ளை உடம்பு, மஞ்சள் புகைபோக்கி. அத்தனை அருகில் போனதும் அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. இந்தச் சுவரின் கீழேதான் அவர் மூட்டை சுமந்து நடந்திருக்கிறார்.

படி ஏறினார்கள். மேலே வெள்ளைச் சீருடையில் இளம் அதிகாரி ஒருவன் நின்றான். ஜெயரத்தினம் ஆங்கிலத்தில் விளக்கினார். அவன் தொப்பியைக் கழற்றி முத்தாயியிடம் தலை குனிந்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொன்னான்.

“சலவைப் பக்கம் இப்ப சரியான வேலையாம். நாலு மணிக்குப் பிறகுதான் போகலாமாம்” என்றார் ஜெயரத்தினம். “அதுவரைக்கும் விருந்தாளியளோட சேர்ந்து கப்பலைச் சுத்திப் பார்க்கச் சொல்லுறார். அன்பாத்தான் சொல்லுறார். உங்களுக்கு ஏலாதெண்டால் இஞ்சையே இருப்பம்.”

முத்தாயி யோசித்தாள். “பாக்கலாங்கய்யா. நீங்க பாத்திருக்கீங்களா?”

“கணக்கப்பிள்ளை அறை மட்டும்தான். இந்தக் கதவுக்கு அங்காலை நானும் போனதில்லை.”

ஒரு பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். லண்டனுக்குப் படிக்கப் போகும் மகன் ஏறவிருக்கும் கப்பலைப் பார்க்க வந்திருந்த சீனக் குடும்பம் ஒன்று, தொப்பி வைத்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், கேமரா தொங்கவிட்ட ஒரு யூரேசியக் கலப்பினத்தார். இளம் அதிகாரி முன்னால் நடந்தான். முத்தாயி கடைசியில் நடந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினாள். கீழே அப்படியொரு கம்பளம்.

பெரிய மரப்படிக்கட்டு ஒன்று இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியது. கைப்பிடியில் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தது. பித்தளை எல்லாம் கண்ணைக் கூச வைத்தது. புத்தக அறையில் அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவு. புயலில் புத்தகம் விழாமல் இருக்கக் குறுக்கே பித்தளைக் கம்பி. பாட்டறையில் பியானோவின் கால்களைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். குழந்தைகள் அறையில் ஆடும் மரக்குதிரை நின்றது. சீனக் குடும்பத்தின் சின்னப் பெண் அதில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முத்தாயி அந்தக் குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்த இரண்டாவது அட்டை கமலாவுக்காகத்தான். ஏப்ரலில் கூட்டிவந்திருந்தால் அவளும் ஏறியிருப்பாள்.

“அரமணை மாதிரிதான் இருக்கு” என்றாள் மெதுவாக.

ஜெயரத்தினம் தலையாட்டினார். “ஓம்” என்றார்.

மேல்தளத்தில் கடல்நீர் நிரப்பிய நீச்சல் தொட்டி. சாய்வு நாற்காலிகளில் விரித்த வெள்ளைத் துண்டுகள். நடக்க நடக்க முத்தாயி வேறெதையும் பார்க்காமல் துணியை மட்டுமே பார்க்க ஆரம்பித்தாள். திரை, மெத்தை விரிப்பு, நாற்காலி உறை, பணியாளின் தோளில் கிடந்த கைத்துண்டு. இந்த அரண்மனை முழுக்க அவன் கை பட்ட துணி. இத்தனையையும் அவன் வெளுத்தானா? ஒருநாளும் அவன் இதைச் சொன்னதில்லை. வேலை எப்படி என்று கேட்டால், “துணி நிறைய வரும்” என்பான்.

கடைசியாகச் சாப்பாட்டுக் கூடம். இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை. வரிசை வரிசையாக வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை விரிப்பு, இரவு விருந்துக்குத் தட்டும் கரண்டியும் வைத்திருந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முத்தாயி ஒரு மேசையருகே போய் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்த மேசையிலும் பார்த்தாள். பணிமேசையில் அடுக்கியிருந்த மடித்த விரிப்பு ஒன்றைக் கையில் எடுத்தாள். பணியாள் ஒருவன் தடுக்க வந்தான். ஜெயரத்தினம் அவனைக் கையால் நிறுத்தினார்.

“என்ன பிள்ளை?”

“இது அவரு மடிப்பு இல்லைங்கய்யா.”

“எப்பிடி?”

“அவரு ஓரத்த உள்ள திருப்பி மடிப்பாரு. இது சும்மா நாலா மடிச்சிருக்கு. இதுவும் அப்படித்தான். எல்லாமே வேற யாரோ மடிச்சது.”

அவள் அந்த விரிப்பை இருந்த இடத்தில் திரும்ப வைத்தாள். தந்தியும் கிராணியார் சொன்னதும் கதீஜா சொன்னதும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த வெள்ளைத் துணி செய்துவிட்டது. அவன் இல்லை. முத்தாயி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொப்பி வைத்த பெண்களில் ஒருத்தி வந்து தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“போதுங்கய்யா” என்றாள். “இனிமே அவரு இருந்த எடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க.”

கூடத்தின் மூலையில் ஒரு கதவு. அதைத் திறந்ததும் கம்பளம் நின்றுபோய் இரும்புப் படி தொடங்கியது. இறங்க இறங்கச் சூடு ஏறியது. எண்ணெய் வாடையும் நீராவியும் சவுக்காரமும் கலந்து வந்தபோது முத்தாயி படியிலேயே நின்றுவிட்டாள். அவன் சட்டையின் வாசனை அது. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்து நின்று மூச்சை இழுத்தாள். பிறகு இறங்கினாள்.

சலவையறையில் ஆறு பேர் இருந்தார்கள். பெரிய பெரிய தொட்டிகள். துணியை நசுக்கித் தேய்க்கும் உருளை இயந்திரம். சுவரோடு ஓடும் நீராவிக் குழாய்கள். ஜன்னல் என்று ஒன்று இல்லை. அவளைக் கண்டதும் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். நாகூர்க்காரனான நூர்தீன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். இரண்டு முறை அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன்.

“அண்ணி” என்றான். 

“எந்த எடத்துல வேல செய்வாரு?”

நூர்தீன் நீள மேசையொன்றைக் காட்டினான். அதன் விளிம்பில் ஒருவனுடைய வயிறு ஒன்பது வருடம் உரசி மரம் வழவழப்பாகியிருந்தது. “இங்கதான் அண்ணி. அன்னிக்கும் இங்கதான் நின்னாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. டாக்டர் வந்தாரு, ஊசி போட்டாரு. அரை மணி நேரங்கூட இல்ல.”

“ஏதாச்சும் சொன்னாரா?”

“தண்ணி கேட்டாரு. குடிச்சாரு.”

படுக்கும் இடத்தைக் காட்டக் குறுகலான வழியில் அழைத்துப் போனான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப் படுக்கைகள். கீழ்ப்படுக்கையில் ஒருவன் படுத்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, தன் போர்வையையும் சுருட்டுப் பெட்டியையும் அள்ளிக்கொண்டு ஓரமாக நின்றான். கொழும்பில் ஏறிய புது ஆள். அவன் பிழையா அது? முத்தாயி அவனைப் பார்த்து, “நீ படுத்துக்கப்பா, நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்றாள். அவனுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, தலையைக் குனிந்துகொண்டான். படுக்கையின் தலைமாட்டுச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. இப்போது அதில் வேறொருவனின் ஜெபமாலை தொங்கியது.

“எங்கேருந்து கடல்ல விட்டீங்க தம்பி?”

கீழ்த்தளத்தில் கப்பலின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கதவு. துறைமுகத்தில் காய்கறி ஏற்றுவதற்காக அதைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆறேழு அடிக்குக் கீழே எண்ணெய் மிதக்கும் பச்சைத் தண்ணீர்.

“விடியக்காலம் அண்ணி. கப்பல நிறுத்திட்டாங்க. நடுக்கடல்ல அந்த எஞ்சின் சத்தம் நின்னு நான் கேட்டதே இல்ல. காது அடைச்ச மாதிரி ஆயிருச்சு. கேப்டனு புத்தகம் பாத்துப் படிச்சாரு. ஒங்க ஆளுங்க ஒருத்தரும் கப்பல்ல இல்ல. நானும் எனக்குத் தெரிஞ்சத ஓதினேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. அவரு டப்பாவுல விபூதி வச்சிருந்தாரே, அத எடுத்து நெத்தியில நான்தான் பூசினேன். புது விரிப்பு ஒண்ணு எடுத்து நானே தேச்சுச் சுத்தினேன்.”

“தப்பெல்லாம் இல்ல தம்பி” என்றாள் முத்தாயி. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்கிட்ட கோவமா போனாரு நூர்தீன். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த பேசல.”

நூர்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “கோவமா? அந்தச் சக்களத்திக் கதைய எங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு அண்ணி. அன்னிலேருந்து யாரும் கப்பல்னு சொல்றதில்ல, அண்ணனோட ரெண்டாவது வீடுன்னுதான் சொல்வோம். பினாங்கு போயிச் சேர்றதுக்குள்ளயே, இந்தத் தடவையோட சரி, சிங்கப்பூர்ல எறங்கிடுறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்னாரு.”

முத்தாயி அவன் கையை விட்டாள். “எறங்குறேன்னு எழுதிக் குடுத்தாரா?”

“ஒங்களுக்குத் தெரியாதா? கடுதாசி போடச் சொன்னேன். வேணாம், நேர்ல போயிச் சொன்னாத்தான் அவ மூஞ்சியப் பாக்க முடியும்னுட்டாரு.”

அவள் ஜெயரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். அவர் அந்தக் கதவுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்களுக்கும் தெரியுமாய்யா?”

“தெரியும் பிள்ளை. இஞ்சை இறங்கிற ஆக்களின்ரை பட்டியல் போன மாசமே வந்தது. நான்தான் டைப் அடிச்சனான். அதிலை கடைசிப் பேர் அவரின்ரைதான். உங்களிட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

அழுக்குத் துணி மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. முத்தாயி அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக அவள் கோபத்தைச் சுமந்துகொண்டு மிளகாய் கிள்ளியிருக்கிறாள். அதே மூன்று மாதமும் அவன் ஒரு நல்ல செய்தியை வைத்துக்கொண்டு கடலில் சுற்றியிருக்கிறான். யாரையும் அவள் திட்டவில்லை. வாய்விட்டு அழவும் இல்லை. மேலே விருந்தாளிகள் இறங்க வேண்டும் என்று மணியடிக்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதுவரை ஒருவரும் இயந்திரத்தை ஓட்டவில்லை.

தகரப்பெட்டியை நூர்தீனும் இன்னொருவனும் கீழே கொண்டுவந்து டாக்சியில் ஏற்றினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாததால் முத்தாயி கட்டைவிரல் வைத்தாள். ஜெயரத்தினம் வீடு வரைக்கும் கூட வந்தார்.

கமலா படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. “அப்பா பின்னாடி வர்றாரா? இந்தத் தடவ எத்தன நாள்?” என்றாள்.

முத்தாயி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, மடியில் உட்கார வைத்துச் சொன்னாள். கதீஜா வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள்.  பிறகு கமலாவின் குரல் கேட்டது.

“கடல்ல எந்த எடத்துலம்மா?”

“தெரியல தாயி.”

அன்று சாயங்காலம் முத்தாயி தன் கையாலேயே தாலியைக் கழற்றினாள். பெண்களை வரச் சொல்லவில்லை, கதீஜா மட்டும் இருந்தாள். பெட்டிக்குள் நாலு சட்டையும் ஒரு விபூதி டப்பாவும் கமலாவுக்கு வாங்கிய பொம்மைக் குடையும் இருந்தன.

மகள் கேட்ட கேள்வி முத்தாயியை விடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஜெயரத்தினத்திடம் போய் அதையே கேட்டாள். அவர் கப்பலின் குறிப்பிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதி வாங்கி, பெரிய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து, அளவுகோல் வைத்துப் பார்த்து, ஓரிடத்தில் பென்சில் நுனியை வைத்தார். சுற்றிலும் நீலம். தீவு இல்லை, பெயர் இல்லை.

“இவ்வளவு தண்ணியா?” என்றாள் முத்தாயி.

பிறகு அவள் செய்த காரியம் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். மருதப்பனுக்குச் சொல்லி வைத்திருந்த ஆஸ்பத்திரி வேலையைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டுப் போனாள். அது ஆண்கள் செய்கிற வேலை என்றார்கள். மறுவாரமும் போனாள். அதற்கு மறுவாரமும் போனாள். கடைசியில், வெளுக்க வேண்டாம், மடிக்க வா என்று எடுத்துக்கொண்டார்கள். மிளகாயை விட்டாள். நோயாளிகளின் விரிப்புகளை மடித்து அடுக்கியே கமலாவைப் படிக்க வைத்தாள். மேற்பார்வைக்காரி நாலாக மடிக்கச் சொன்னால் நாலாகவே மடித்தாள்.

நூர்தீன் இன்னும் மூன்று முறை வந்து பார்த்தான். பிறகு அந்தக் கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள் என்று கேள்வி. அவன் எந்தக் கப்பலுக்குப் போனான் என்று தெரியவில்லை. ஜெயரத்தினம் ஓய்வு பெற்ற பிறகும் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவார். 1965இல் அது நின்றது.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முத்தாயி மகளோடு காத்தோங் கடற்கரைக்குப் போவாள். எல்லாக் கடலும் ஒன்றோடொன்று சேர்ந்ததுதானே என்று ஜெயரத்தினம் ஒருமுறை சொல்லியிருந்தார். அதை அவள் பிடித்துக்கொண்டாள். தென்னைகளுக்கு நடுவே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, எள்ளும் சோறும் பூவும் விட்டுவிட்டு வருவாள். மந்திரம் தெரியாது. “சாப்பிடுங்க” என்று மட்டும் சொல்வாள்.

1969ஆம் வருடம் போனபோது கடல் அங்கே இல்லை. கரையை அகலப்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். இவ்வளவு தூரம் என்று நினைக்கவில்லை. தென்னைகளுக்கு அப்பால் செம்மண் வெட்டவெளியாகக் கிடந்தது. லாரிகள் போய்வந்துகொண்டிருந்தன. வெகு தொலைவில், மண்மேட்டுக்கு அப்பால், தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்தது. கமலாவுக்கு அப்போது பதினெட்டு வயது. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அன்று பிற்பகல்தான் அவளுக்கு வேலை முறை.

“அம்மா, வேற எடத்துக்குப் போலாமா? சாங்கி பக்கம்?”

“இல்ல. இங்கதான் பதினொரு வருசமா வர்றோம்.”

காவல்காரர் ஒருவர் வந்து உள்ளே போகக் கூடாது என்று மலாயில் சொன்னார். கமலா பையிலிருந்த எள்ளையும் பூவையும் காட்டி ஏதோ சொன்னாள். அவர் முத்தாயியின் முகத்தைப் பார்த்தார். லாரி வரும் பக்கத்தைக் கையால் காட்டி, ஓரமாகப் போகச் சொன்னார்.

இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மண் இளகலாக இருந்தது, கால் புதைந்தது. புது விளிம்பில் தண்ணீர் செம்மண் கலந்து தேநீர் நிறத்தில் இருந்தது. இறங்க முடியவில்லை, மண் சரிந்தது. முத்தாயி குந்தி உட்கார்ந்து, எள்ளும் சோறும் பூவும் வைத்த இலையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துத் தள்ளிவிட்டாள். சிற்றலை அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தது. மறுபடியும் தள்ளினாள். மூன்றாம் முறை அது கொஞ்சம் உள்ளே போய்க் கவிழ்ந்தது.

“சாப்பிடுங்க” என்றாள்.

கமலா கைகொடுத்து அம்மாவைத் தூக்கிவிட்டாள். பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடக்க அரை மணி நேரம் ஆயிற்று.